வீட்டில் செய்யும் சாக்லேட்டில் மெழுகு சேர்க்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் ஒரு செய்முறை அனுப்பியிருக்கிறார். சாக்லேட்டை உருக்கும்போது பாரபின் மெழுகு சேர்க்கச் சொல்கிறது, அப்போதுதான் பளபளப்பு வருமாம். தீபாவளிக்கு 5 கிலோ ஆர்டர் இருக்கிறது. இங்கே கடையில் விற்கும் வெள்ளை மெழுகுவர்த்தியைச் சீவிப் போடலாமா? கடைச் சாக்லேட் எல்லாமே மெழுகுதான் என்று வேறு சொல்கிறார்களே, உண்மையா?

பதில்:

மெழுகுவர்த்தியைச் சீவிப் போடாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். மெழுகுவர்த்திக்கு வரும் பாரபின் எரிவதற்கென்றே தயாரானது. அதில் எவ்வளவு எண்ணெய் மிச்சம் இருக்கிறது, என்ன சாயம், என்ன வாசனை, கெட்டிப்படுத்த எதைக் கலந்தார்கள் என்றெல்லாம் சாப்பிடுகிறவரை மனதில் வைத்து யாரும் சோதிப்பதில்லை. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பிரிகிற பொருள் அது. சிவகாசியில் தீக்குச்சி சட்டென்று பற்றிக்கொள்ள வேண்டும் என்று குச்சியின் நுனியை முக்கி எடுப்பதும் பாரபினில்தான். அதையே இன்னும் பல படி சுத்தம் செய்து, சோதித்து, உணவுத் தரம் என்று தனியாக விற்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளை, இரண்டிலும் வாசனை இருக்காது. கண்ணாலோ மூக்காலோ பிரித்துச் சொல்ல முடியாது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியானால் உங்கள் நாத்தனார் அனுப்பிய செய்முறை தவறா? தவறில்லை. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டில் இனிப்பு செய்கிறவர்கள் சாக்லேட்டில் மெழுகு சேர்ப்பது பழைய வழக்கம். ஒஹாயோ மாநிலத்தில் 'பக்கை' என்று ஒரு உருண்டை பிரசித்தம். வேர்க்கடலை வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் பிசைந்து உருட்டி, பல் குத்தும் குச்சியில் குத்தி, உருகிய சாக்லேட்டில் முக்கால்வாசி முக்கி எடுப்பார்கள். உச்சியில் மட்டும் கடலை நிறம் வட்டமாகத் தெரியும். பார்க்க அந்த ஊர் பக்கை மரத்தின் கொட்டை மாதிரியே இருக்கும், பெயரும் அதனால்தான். பழைய செய்முறைகளில் 12 அவுன்ஸ் சாக்லேட் சிப்ஸுக்குக் கால் கட்டி முதல் அரைக் கட்டி வரை பாரபின் போடச் சொல்லியிருக்கும். அங்கே 'கல்ஃப் வேக்ஸ்' என்ற பெயரில் ஒரு பவுண்டுப் பெட்டி விற்கும், உள்ளே 4 கட்டிகள் இருக்கும். கணக்குப் போட்டால் 340 கிராம் சாக்லேட்டுக்கு 28 முதல் 57 கிராம் மெழுகு. அரைக் கட்டி போட்டவர் வீட்டில் ஏழு உருண்டை சாப்பிட்டால், ஒரு உருண்டையின் பூச்சு அளவுக்கு மெழுகைத்தான் சாப்பிட்டிருப்போம்.

அந்தக் கட்டி அமெரிக்கச் சமையலறைக்குள் வந்தது வேறு வேலைக்கு. ஜாம் போட்ட பாட்டிலின் வாயில் உருகிய பாரபினை ஊற்றி அடைப்பார்கள். அது சரியாக அடைபடாமல் உள்ளே பூஞ்சை பிடிக்கிறது என்று அந்நாட்டு வேளாண் துறை இப்போது அந்த முறையே வேண்டாம் என்கிறது. ஜாமுக்கு வாங்கி அலமாரியில் இருந்த மெழுகுதான் சாக்லேட் பாத்திரத்துக்குள்ளும் போயிருக்கும் என்பது என் ஊகம்.

அவர்களுக்கு அது தேவைப்பட்டதற்குக் காரணம் சாக்லேட் சிப்ஸ். சிப்ஸ் என்பது பிஸ்கட்டுக்குள் வேகும்போது உருவம் கலையாமல் நிற்க வேண்டிய பொருள். அதற்காகக் கொக்கோ வெண்ணெயை, அதாவது கொக்கோக் கொட்டையின் சொந்தக் கொழுப்பை, குறைத்துச் செய்வார்கள். உருக்கினால் தோசை மாவு மாதிரி ஓடாது, இட்லி மாவைவிடக் கெட்டியாக நிற்கும். அதில் எதையும் முக்கி எடுக்க முடியாது. மெழுகு சூட்டில் தண்ணீர் போல ஓடுவதால் கலவையை இளக்கித் தரும். ஆறியதும் இறுகும். மேலே பளபளப்பும் தரும். ஒரே பொருளில் மூன்று வேலையும் முடிந்துவிடுகிறது, தெர்மாமீட்டரும் வேண்டாம். அவசரத்துக்கு நல்ல குறுக்குவழிதான். ஆனால் அந்த மூன்று வேலையையும் மெழுகு இல்லாமலே செய்கிற ஒரு பொருள் சாக்லேட்டுக்குள் முதலிலிருந்தே இருக்கிறது.

நெய்யைக் கவனித்திருப்பீர்கள். ஒரே நெய்தான், ஒரு நாள் மணல்மணலாக உறையும், இன்னொரு நாள் மழமழவென்று உறையும். காய்ச்சி ஆற விட்ட விதம்தான் வேறு. கொக்கோ வெண்ணெயும் அந்த ஜாதிதான், ஆனால் இன்னும் பிடிவாதக்காரி. அது 6 விதமாக உறையும். வில், லட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1966-இல் அந்த 6 படிக வடிவங்களுக்கும் எண் கொடுத்து வரிசைப்படுத்தினார்கள். நமக்கு வேண்டியது 5-ஆவது வடிவம். அது ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும். அப்படி உறைந்த சாக்லேட் கையில் எடுத்தால் உடனே பிசுபிசுக்காது, உடைத்தால் 'டக்'கென்று சத்தம் கேட்கும், மேற்பரப்பு கண்ணாடி மாதிரி இருக்கும், அச்சிலிருந்து தானாகக் கழன்று வரும். உறையும்போது அது சற்றுச் சுருங்குவதால்தான் அப்படிக் கழல்கிறது. இதற்குக் கீழே இருக்கும் 4-ஆவது வடிவமோ 27, 28 டிகிரியிலேயே இளகிவிடும். சாக்லேட்டைச் சும்மா உருக்கி அச்சில் ஊற்றி வைத்தால் பெரும்பாலும் இந்தக் கீழ்வடிவங்கள்தான் வரும். மங்கலாக, மெத்தென்று, விரல் பட்டதும் ஒட்டிக்கொள்ளும். சூட்டை ஏற்றி இறக்கி, 5-ஆவது வடிவத்துக்கு மட்டும் வழி விடுகிற வேலையைத்தான் டெம்பரிங் என்கிறோம். அந்த வேலையைச் செய்யாதவர்களுக்கு அமெரிக்கப் பாட்டிமார்கள் கண்டுபிடித்த மாற்றுதான் மெழுகு.

நாக்கில் வைக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். நம் உடம்புச் சூடு 37 டிகிரி. கொக்கோ வெண்ணெய் உருகுவது 34-இல். இந்த 3 டிகிரிதான் சாக்லேட்டின் அத்தனை மகிமையும். வாயில் போட்ட கையோடு உருகி, வாசனையையும் இனிப்பையும் ஒரே நேரத்தில் விட்டுவிடும். பாரபின் மெழுகு வகையைப் பொறுத்து 46 முதல் 68 டிகிரிக்குள் எங்கோதான் உருகும். எந்த மனித வாயிலும் அது உருகப் போவதில்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். 12 வருடத்துக்கு முன்னால் கோவையில் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்க ஆரம்பித்த புதிது. அமெரிக்காவிலிருந்து வந்த அண்ணன் உணவுத் தர பாரபின் ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தான். ஒரு வளைகாப்புக்கு 3 கிலோ ஆர்டர். செய்முறையில் இருந்தபடியே சேர்த்தேன். அச்சிலிருந்து எடுத்தபோது அவ்வளவு அழகு. தங்க நிறத் தாளில் சுற்றி, தட்டில் அடுக்கி, புகைப்படமெல்லாம் எடுத்தேன். விழா வீட்டில் ஒரு பெரியம்மா ஒன்றை வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "ஏன் கண்ணு, இது கரையவே மாட்டேங்குதே" என்று கேட்டார். அவர் குறை சொல்லவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சாப்பிட்டு முடித்த பிறகும் மேலண்ணத்தில் ஒரு ஏடு படிந்த மாதிரி இருந்தது என்றார் இன்னொருவர். குழந்தைகள் பாதி தின்று தாளிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆர்டர் கொடுத்தவருக்குப் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மிச்சமிருந்த கட்டிகளை அதன் பிறகு சாக்லேட்டுக்குத் தொடவில்லை.

உடம்புக்குக் கெடுதலா என்று கேட்டால், உணவுத் தர பாரபின் ஜீரணமே ஆகாது. குடலில் உறிஞ்சப்படாமல் அப்படியே வெளியேறிவிடும். அமெரிக்காவில் உணவில் பயன்படுத்த அதற்கு அனுமதி இருக்கிறது. கவலைப்பட வேண்டியது சரியாகச் சுத்திகரிக்காத சரக்கைப் பற்றித்தான். கனிம எண்ணெய்ப் பொருள்களில் தங்கிவிடும் சில வளையச் சேர்மங்கள் நல்லதல்ல என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இலும் மறுபடி 2023-இலும் விரிவாகவே எழுதியிருக்கிறது. மெழுகுவர்த்தி வேண்டாம் என்று எடுத்த எடுப்பில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, நம் ஊர் வெயிலுக்கு மெழுகு உதவுமே என்று தோன்றலாம். என்னிடம் படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்பார்கள். ஓரளவு உதவும் என்பது உண்மைதான். மெழுகு மெல்லிய தகடு தகடாகப் படிகமாகி ஒரு வலை மாதிரி நிற்கும், உருகிய கொழுப்பை அந்த வலை கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் 40 டிகிரி வெயிலில் உள்ளே இருக்கும் கொக்கோ வெண்ணெய் முழுக்க உருகித்தான் இருக்கும். வெளியே உருவம் நிற்கிறது என்று ஏமாந்து போவோம். மறுபடி குளிர்ந்ததும் டெம்பர் கலைந்து, மங்கலாகி, மேலே வெள்ளை படரும்.

சூடு தாங்கும் சாக்லேட் வேண்டும் என்று உலகத்திலேயே மிகத் தீவிரமாக முயன்றது அமெரிக்க ராணுவம். 1937-இல் கேப்டன் பால் லோகன் என்பவர் ஹெர்ஷி நிறுவனத்திடம் போய், சிப்பாய்கள் அவசரத்துக்கு வைத்துக்கொள்ள ஒரு கட்டி கேட்டார். எடை 4 அவுன்ஸ், சக்தி அதிகம், கடும் வெப்பத்தைத் தாங்க வேண்டும், ருசி மட்டும் வேகவைத்த உருளைக்கிழங்கைவிடக் கொஞ்சம் மேலாக இருந்தால் போதும். ருசியாக இருந்தால் ஆபத்து வரும் முன்பே தின்றுவிடுவார்களாம். அப்படி வந்த 'டி ரேஷன்' கட்டி 600 கலோரி, ஏறக்குறைய 49 டிகிரி வரை தாங்கும். அதை எப்படிச் சாதித்தார்கள் தெரியுமா? ஓட்ஸ் மாவைச் சேர்த்து. கலவை அவ்வளவு கெட்டியாகிவிட்டதால் அச்சில் ஊற்ற முடியாமல் அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தது. ருசியைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று சொல்லப்பட்ட அந்த வேலையில்கூட மெழுகை நாடவில்லை.

இப்போது பல செய்முறைகளில் மெழுகுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் சேர்க்கச் சொல்கிறார்கள். இதுவும் அமெரிக்கச் சமையலறைக்கு எழுதிய யோசனை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் திரவம். மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைந்திருக்கும், மற்ற நாளில் நம் வீடுகளில் அது எண்ணெய்தான். அது சாக்லேட்டுக்குள் போனால் கொக்கோ வெண்ணெயையும் சேர்த்து இளக்கிவிடும். ஐஸ்கிரீம் மேல் ஊற்றும் பூச்சுக்கு மிக நல்லது, சில்லென்ற ஐஸ்கிரீம் பட்டதும் ஓடு போல இறுகும். டப்பாவில் அடுக்கித் தீபாவளிக்குக் கொடுக்கும் சாக்லேட்டுக்கு ஆகாது. கலவை கெட்டியாக இருக்கிறது, இளக்க வேண்டும் என்றால் கொஞ்சம் கொக்கோ வெண்ணெயே வாங்கிச் சேருங்கள். கிலோவுக்கு 30, 40 கிராம் போதும். விலை கூடுதல்தான், ஆனால் அது சாக்லேட்டின் சொந்தக் கொழுப்பு.

அப்படியானால் சாக்லேட் தொழிலில் மெழுகுக்கு இடமே இல்லையா? இருக்கிறது, வெளியே. ஜெம்ஸ் மாதிரி வண்ண ஓடு போட்ட சாக்லேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் கலக்கும் இயந்திரம் போலச் சாய்ந்து சுழலும் அண்டாவில் சாக்லேட் குண்டுகளைப் போட்டு, சர்க்கரைப் பாகை மெல்ல ஊற்றி, காற்றடித்துக் காயவைத்து, மறுபடி ஊற்றி, படலம் படலமாக ஓடு ஏற்றுவார்கள். கடைசிப் படலம் காய்ந்தபோது பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மங்கலாகத்தான் இருக்கும். அப்போதுதான் ஒரு சிட்டிகை மெழுகுப் பொடியைத் தூவிச் சுழற்றுவார்கள். குண்டுகள் ஒன்றோடொன்று உரசி உரசித் தாமே மெருகேறிவிடும். கிலோவுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான மெழுகு. பளபளப்பு ஒரு பக்கம், குண்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதும் ஈரம் ஏறாமல் இருப்பதும் இன்னொரு பக்கம். அமெரிக்காவில் 1941-இல் இதே மாதிரி ஓடு போட்ட எம் அண்ட் எம் சாக்லேட் வந்ததே உருகிக் கையில் ஒட்டாத சாக்லேட் வேண்டும் என்ற எண்ணத்தில்தான்.

இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது கார்னோபா மெழுகு. பிரேசிலின் வடகிழக்கில், சியரா, பியாவி மாநிலங்களின் வறண்ட நிலத்தில் வளரும் ஒரு பனை வகை மரம் அதைத் தருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போகாமல் இருக்க மரம் தன் ஓலை மேல் மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டி, வெயிலில் காயவைத்து, தட்டினால் மெழுகு பொடியாக உதிரும். 82 முதல் 86 டிகிரி வரை தாங்குவதால் இயற்கை மெழுகுகளில் இதுதான் மிகக் கடினமானவற்றுள் ஒன்று. தேன்மெழுகு 62, 64 டிகிரியில் உருகிவிடும், இதைவிட மென்மையானது, இரண்டையும் கலந்தும் போடுவார்கள்.

சாக்லேட் பூசிய பாதாம், திராட்சைக்குப் போடும் மினுமினுப்பு வேறு. அது பெரும்பாலும் அரக்கு. ஆமாம், பாண்டவர்கள் தப்பித்த மாளிகையின் அதே அரக்கு, தபால் உறைக்கு முத்திரை வைத்த அதே அரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் பலாச மரத்திலும் இலந்தை மரத்திலும் ஒரு சின்னஞ்சிறு பூச்சி கூட்டமாக ஒட்டிக்கொண்டு சுரக்கும் பிசின் அது. சுத்தம் செய்து, ஆல்கஹாலில் கரைத்து, சாக்லேட் உருண்டைகள் மேல் தெளித்துச் சுழற்றினால் வார்னிஷ் அடித்தது போல ஆகிவிடும். சொல்லப்போனால் அது மெழுகில்லை, பிசின். ஆனால் செய்கிற வேலை அதேதான்.

பாக்கெட்டில் இவை பெயரோடு இருக்காது, பெரும்பாலும் எண்ணாகத்தான் இருக்கும். கிளேசிங் ஏஜென்ட் என்று போட்டு 901 என்றால் தேன்மெழுகு, 902 காண்டலில்லா என்ற மெக்சிகோ பாலைவனச் செடியின் மெழுகு, 903 கார்னோபா, 904 அரக்கு. 905 என்று தொடங்கினால் பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய் அல்லது மெழுகு வகை. சைவம் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம். நம் நாட்டு லேபிள் விதியில் அசைவம் என்பதற்குத் தரும் விளக்கத்திலிருந்து பால், தேன் போலவே தேன்மெழுகுக்கும் அரக்குக்கும் விலக்கு உண்டு. அதனால் பச்சைப் புள்ளி இருந்தாலும் உள்ளே 904 இருக்கலாம். பூச்சியிலிருந்து வருவது எதுவும் வேண்டாம் என்று கடைப்பிடிக்கிறவர்கள் புள்ளியை மட்டும் நம்பாமல் எண்ணையும் பார்க்க வேண்டும். இதை வாடிக்கையாளரிடம் சொல்வது நம் கடமை என்று நினைக்கிறேன்.

சாதாரண சாக்லேட் கட்டிக்கு இந்தப் பூச்சு எதுவும் தேவையில்லை. அதன் பளபளப்பு அச்சிலிருந்து வருகிறது. நல்ல பாலிகார்பனேட் அச்சைப் பஞ்சால் நன்றாகத் துடைத்து, ஒரு கைரேகைகூட இல்லாமல் வைத்து, டெம்பர் செய்த சாக்லேட்டை ஊற்றிப் பாருங்கள். முகம் பார்க்கலாம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கடைச் சாக்லேட்டை நெருப்பில் காட்டினால் எரிகிறது, அதனால் மெழுகு என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. கொழுப்பு எதுவானாலும் எரியும். விளக்கில் நெய்யும் நல்லெண்ணெயும் எரியவில்லையா? சாக்லேட்டில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, கூடவே சர்க்கரை, எரியாமல் என்ன செய்யும். அதேபோல் பழைய சாக்லேட்டில் வெள்ளையாகப் படர்வதைக் காட்டி, பாருங்கள் மெழுகு வெளியே வந்துவிட்டது என்பார்கள். அது கொக்கோ வெண்ணெயேதான். கடையில் இரவு பிரிட்ஜை அணைத்துவிடுவார்கள், உள்ளே சாக்லேட் இளகும், காலையில் மறுபடி உறையும். அப்படி இளகி உறையும்போது கொழுப்பு மேலே வந்து வேறு வடிவில் படிகமாகும். ருசி குறையும், கெடுதல் இல்லை. மெழுகும் இல்லை, பூஞ்சையும் இல்லை.

ஆனாலும் 'மெழுகு மாதிரி இருக்கிறது' என்று ஜனங்கள் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. அதற்குக் காரணம் காம்பவுண்ட். கொக்கோ வெண்ணெயை எடுத்துவிட்டு, பாமாயில் பனையின் பருப்பிலிருந்து எடுத்த கொழுப்பையோ ஹைட்ரஜன் ஏற்றிய வேறு தாவரக் கொழுப்பையோ போட்டு, கொக்கோ பொடியும் சர்க்கரையும் கலந்து செய்வது காம்பவுண்ட். டெம்பரிங் வேண்டாம், உருக்கினால் ஊற்றலாம், விலையும் குறைவு. ஊட்டி, கொடைக்கானலில் 'ஹோம் மேட்' என்று விற்பதில் கணிசமானது இதுதான். அதில் சில கொழுப்பின் உருகுநிலை வாய்ச் சூட்டை ஒட்டி அல்லது அதற்கும் மேலே இருக்கும், முழுக்க உருகாமல் நாக்கில் வழுக்கிக்கொண்டு நிற்கும். அதைத்தான் மெழுகு என்கிறார்கள். லேபிளில் ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்று எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். இவற்றில் இருந்த டிரான்ஸ் கொழுப்புதான் பெரிய கவலையாக இருந்தது. 2022 ஜனவரியிலிருந்து அதற்கு 2 சதவீதம் என்று உச்சவரம்பு வந்துவிட்டது.

எல்லாத் தாவரக் கொழுப்பையும் ஒரே தட்டில் வைக்கவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2000-இல் கொண்டுவந்த விதி, சாக்லேட்டில் 5 சதவீதம் வரை வேறு தாவரக் கொழுப்பு சேர்க்கலாம் என்று 6 கொழுப்புகளைப் பெயர் சொல்லி அனுமதித்தது. அதில் சால் மரத்து விதை, கோகம் விதை, மாங்கொட்டைப் பருப்பு ஆகிய மூன்றும் நம் நாட்டில் விளைபவை. இவற்றின் அமைப்பு கொக்கோ வெண்ணெயைப் போலவே இருப்பதால் அதோடு ஒத்துப்போகும், வாயிலும் உருகும். மாங்கொட்டையைக் குப்பையில் போடும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

ஒரு எச்சரிக்கை. விலையைக் குறைக்க நல்ல சாக்லேட்டையும் காம்பவுண்டையும் பாதிப் பாதி கலப்பவர்கள் நிறைய. செய்யாதீர்கள். பனைப் பருப்புக் கொழுப்பும் கொக்கோ வெண்ணெயும் சேர்ந்தால் இரண்டும் தனித்தனியாக உருகும் சூட்டைவிடக் கீழேயே கலவை இளகிவிடும், சில வாரத்தில் வெள்ளையும் படரும். போதாததற்கு அந்தக் கொழுப்பு ஈரம் பட்டுக் கெட்டால் சோப்பு வாடை அடிக்கும். சோப்பு செய்வதும் அதே கொழுப்பு அமிலத்தில்தானே.

இனி உங்கள் 5 கிலோ. உங்களுக்கு இரண்டு நேர்மையான வழிகள் இருக்கின்றன. ஒன்று, நல்ல காம்பவுண்ட் வாங்கி, காம்பவுண்ட் என்று சொல்லியே விற்பது. முதல் தடவை, தெர்மாமீட்டர் பழக்கமில்லை, ஏசி அறை இல்லை என்றால் இதில் எந்தத் தவறும் இல்லை. இரண்டு, கூவர்சர் என்ற கொக்கோ வெண்ணெய்ச் சாக்லேட் வாங்கி டெம்பர் செய்வது. உங்களுக்கு நாள் இருக்கிறது என்பதால் இரண்டாவதை ஒரு தடவையாவது முயன்று பாருங்கள் என்று மனதாரச் சொல்வேன்.

ஒரே நேரத்தில் 5 கிலோ வேண்டாம், ஒவ்வொரு கிலோவாகச் செய்யுங்கள். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கும். டார்க் சாக்லேட் என்றால், ஒரு கிலோவில் 300 கிராமைப் பொடியாக நறுக்கித் தனியே வையுங்கள். மிச்சத்தைக் கொதிக்கும் தண்ணீருக்கு மேல் வைத்த பாத்திரத்தில், பாத்திரத்தின் அடி தண்ணீரைத் தொடாமல், 45 முதல் 48 டிகிரி வரை உருக்குங்கள். இறக்கி, அடியை ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனால் முழுப் பாத்திரமும் களிமண்ணாகத் திரண்டுவிடும். அப்புறம் நறுக்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். அந்தத் துண்டுகளில் ஏற்கெனவே 5-ஆவது வடிவம் இருக்கிறது. பாலுக்கு உறைமோர் மாதிரி, அது தன் வடிவத்தை மற்றதற்கும் சொல்லிக்கொடுக்கும். 31, 32 டிகிரிக்கு வந்ததும் நிறுத்துங்கள். மில்க் சாக்லேட் என்றால் 29, 30. வெள்ளை என்றால் 28, 29, அவற்றைச் சூடாக்கும்போதும் 45-ஐத் தாண்ட வேண்டாம். கத்தி நுனியை முக்கி எடுத்து வையுங்கள். 20, 22 டிகிரி இருக்கும் ஏசி அறையில் 5 நிமிடத்தில் கோடு கோடாக இல்லாமல் பளபளப்பாக இறுகினால் பதம் சரி. இல்லையென்றால் எதையும் கொட்ட வேண்டாம், மறுபடி உருக்கி முதலிலிருந்து தொடங்கலாம். சாக்லேட் எத்தனை தடவையும் மன்னிக்கும், தண்ணீர் படாதவரை.

தீபாவளி நமக்கு மழைக்காலத்தில் வருகிறது. வெயிலைவிட இந்த ஈரம்தான் எனக்குப் பயம். பிரிட்ஜில் வைத்த சாக்லேட்டை வெளியே எடுத்ததும் மேலே வியர்க்கும், அந்த நீர் சர்க்கரையைக் கரைக்கும், காய்ந்ததும் சொரசொரப்பான வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். அதனால் அச்சு இறுக 10, 15 நிமிடம் மட்டும் பிரிட்ஜ் போதும். பிறகு ஏசி அறையிலேயே கழற்றி, அங்கேயே காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள். வாங்குகிறவர் பிரிட்ஜில் வைப்பதானால் டப்பாவோடு வைத்து, வெளியே எடுத்த அரை மணி கழித்துத் திறக்கச் சொல்லுங்கள்.

மெழுகே இல்லாமல் சாக்லேட் நிற்குமா என்று இன்னும் தயக்கம் இருந்தால், பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராக விளையும் கொக்கோவில் செய்த கட்டி ஒன்று வாங்கிப் பாருங்கள். பின்பக்கம் கொக்கோ, சர்க்கரை என்று இரண்டே பெயர் போட்டவை கிடைக்கின்றன. இன்று உலகின் பல நாடுகளில் சிறிய அளவில் கொட்டையிலிருந்தே சாக்லேட் செய்கிறவர்கள் கொக்கோ அரைப்பது தமிழ்நாட்டுக் கல் கிரைண்டரில் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குக்கூட அதிகம் தெரியாது. அந்தக் கட்டியில் ஒரு துண்டைக் கடிக்காமல் நாக்கில் வையுங்கள். பக்கத்தில் காம்பவுண்ட் ஒரு துண்டு. எது எப்போது உருகுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

விற்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லையென்றால் அதை முதலில் முடித்துவிடுங்கள். இந்த வாரம் அரைக் கிலோவில் ஒரு தட்டு மட்டும் செய்யுங்கள். எத்தனை டிகிரிக்கு ஏற்றினீர்கள், எங்கே நிறுத்தினீர்கள், அறைச் சூடு என்ன என்று ஒரு தாளில் குறித்து வைத்து எழுதுங்கள். மங்கலாக வந்தாலும் சரி, ஒட்டிக்கொண்டாலும் சரி, அந்த மூன்று எண்ணைப் பார்த்தால் எங்கே தவறியது என்று சொல்லிவிடலாம்.